டர்போ எஞ்சினைப் பிரித்துக் கட்டுதல்

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவைப்படுகிறது. சாதாரண வெப்பநிலையில் இவ்வளவு காற்றும் 12 கன மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்ரோலை எஞ்சினுக்குள் வேண்டிய அளவு செலுத்துவது எளிது. ஒரு சிறு பம்பு அதற்குப் போதும். காற்றைப் புகுத்துவதுதான் அரிது. ஆகவே, ஒரு மோட்டார் வண்டியின் வலிமையை உயர்த்த விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அதன் சிலிண்டர்களுக்குள் ஒவ்வொரு சுழற்சியிலும் எத்தனை கிராம் காற்று செல்கிறது என்பதேயாகும்.

எரிந்து முடிந்த வாயு, எஞ்சினை விட்டு வெளியேறும்போது பெட்ரோலின் வெப்பச் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தன்னுடன் கொண்டு சென்றுவிடுகிறது. வீணாகும் இச்சக்தியைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பொருத்திய மற்றொரு சக்கரத்தால் புதுக் காற்றை அமுக்கி உள்ளே அனுப்பலாம் என்ற கருத்துக்கு, ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொறியியலறிஞர் ஆல்பிரட் பூஹி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவ்வமைப்பே இன்று ‘டர்போ’ என வழங்குகிறது. இதற்குத் தமிழில் பெயர் காண முயன்றவர்கள் பலர். ஆயினும் லாரி ஓட்டுநர் முதல் பட்டறைச் சிறுவன் வரை எல்லோரும் டர்போ என்றே சொல்வதால், நாமும் அச்சொல்லையே ஆள்வோம். காரில் பொருத்தப்படும் சிறு டர்போவின் அச்சு, நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக் கூடியது.

டர்போ ஏற்கெனவே பொருத்தப்பட்ட வண்டியில் வலிமையைக் கூட்டுவது மிக எளிது என்று தோன்றும். கழிவு வாயுவின் ஒரு பகுதியை டர்பைனுக்குச் செல்லவிடாமல் திருப்பிவிடும் சிறு கதவு ஒன்று உண்டு. அக்கதவு சற்றுத் தாமதமாகத் திறக்கும்படி செய்தால் போதும். காற்றழுத்தம் உடனே உயர்ந்துவிடும். இவ்வெளிமையே பல எஞ்சின்களுக்கு எமனாய் முடிந்துள்ளது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

வெளிக்காற்று 25° சென்டிகிரேடில் இருப்பதாகக் கொள்வோம். அதன் அழுத்தத்தை இரு மடங்காக்கினால், அதாவது வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் 1 பார் கூட்டினால், 70 சதவிகிதத் திறனுள்ள அமுக்கியை விட்டு வெளிவரும்போது காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 118° ஆகிவிடும். சூடான காற்று விரிவடைவதால் அதன் அடர்த்தி இரு மடங்காகாது; 1.5 மடங்கே ஆகும். இடையில் ஒரு குளிர்விப்பானை வைத்து 45°-க்குக் குளிரச் செய்தால் அடர்த்தி 1.87 மடங்காக உயரும். இனி, கதவைத் திருகி அழுத்தத்தை 1.8 பார் ஆக்குகிறோம் என்போம். அமுக்கியை விட்டு வரும் காற்று இப்போது 170°-ஐ எட்டும். குளிர்விப்பான் அதனை 55° வரை தணித்தாலும் அடர்த்தி 2.5 மடங்காகும். முன்னதைவிட 36 சதவிகிதம் கூடுதல் காற்று கிடைக்கிறது; ஆனால் அது முன்னதைவிடச் சூடான காற்று. இந்தச் சூட்டில்தான் இடர் ஒளிந்திருக்கிறது.

தட்டொலி

ஸ்பார்க் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். பரவும் தீ, தனக்கு முன்னே எரியாமல் இருக்கும் கலவையை மேலும் அமுக்கிச் சூடாக்குகிறது. அக்கலவை முன்னரே மிகுந்த சூட்டுடன் உட்புகுந்திருந்தால், தீ வந்து சேருமுன் தானாகவே ஒரே நொடியில் வெடித்துவிடும். சிலிண்டருக்குள் அழுத்த அலைகள் சுவருக்குச் சுவர் மோதுகின்றன. 85 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் இவ்வதிர்வு விநாடிக்கு ஏறத்தாழ 6,500 முறை நிகழும். பட்டறைகளில் இதனை ‘நாக்கிங்’ என்பர். ஒலி சிறிதே; தீங்கு பெரிது. உலோகத்தின் மேல் படிந்து அதனைக் காத்து நிற்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலத்தை இவ்வலைகள் கிழித்துவிடுவதால், பிஸ்டனின் விளிம்பு உருகுகிறது. ரிங்குகளுக்கு இடைப்பட்ட அலுமினிய வரம்புகள் உடைகின்றன.

அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்ற கார் இதற்கு நல்ல சான்று. 3.5 லிட்டர் எஞ்சினில் டர்போவைப் பொருத்தியவர்கள், அதன் அமுக்க விகிதத்தை 10.25 என்ற உயர்ந்த அளவிலேயே விட்டுவைத்தனர். தட்டொலியைத் தடுக்க, தண்ணீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த திரவம் ஒன்று, காற்றுடன் சேர்த்துத் தெளிக்கப்பட்டது. அத்திரவம் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். தத்துவம் பிழையற்றது. ஆனால் தனியொரு தொட்டியில் அத்திரவத்தை அவ்வப்போது நிரப்ப வேண்டும் என்பதைப் பல உரிமையாளர்கள் மறந்தனர். தொட்டி வறண்டால் அழுத்தம் தானே குறையும்படி ஒரு வால்வு இருந்தும் குறைபாடுகள் ஓயவில்லை; பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பூட்டினர். 1963-உடன் அவ்வண்டியின் தயாரிப்பு நின்றது.

பிரிக்கும் எஞ்சின்

இப்போது ஓர் உண்மையான எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் தன் லான்சர் எவல்யூஷன் கார்களில் 1992 முதல் 2007 வரை பொருத்திய 4ஜி63 என்னும் எஞ்சின், உலகெங்கும் பிரித்துக் கட்டுவோரின் கைகளில் மிகுதியாகப் பழகியது. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றின் விட்டமும் 85 மி.மீ., பிஸ்டன் செல்லும் தொலைவு 88 மி.மீ., மொத்தக் கொள்ளளவு 1,997 கன செ.மீ. சிலிண்டர் தொகுதி வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். 1996-இல் வந்த நான்காம் வரிசை முதல் இதன் அமுக்க விகிதம் 8.8. அறிவிக்கப்பட்ட வலிமை 280 குதிரைத்திறன். 2004 வரை ஜப்பானிய நிறுவனங்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட உச்ச வரம்பும் அதுவே.

மேற்சொன்ன கணக்கின்படி 36 சதவிகிதம் காற்றைக் கூட்டினால், தோராயமாக 380 குதிரைத்திறனை எதிர்பார்க்கலாம். இதைவிடப் பன்மடங்கு வேண்டுவோர் பெரிய டர்போவை நாடுகின்றனர். பந்தயத் தடத்திற்கு அது பொருந்தும். ஆனால் பெரிய சக்கரம் சுழன்று எழ நேரம் எடுக்கும். நகரச் சாலையில் ஓட்டுபவர், மிதியை அழுத்திவிட்டு வலிமைக்காகக் காத்திருக்க நேரிடும். சாலை வண்டிக்கு அளவான டர்போவே உகந்தது என்பது என் கருத்து.

சிலிண்டருக்குள் அழுத்தம் 100 பார் வரை ஏறுமாயின், 85 மி.மீ. பிஸ்டனின் தலையில் ஏறத்தாழ 5.8 டன் பாரம் இறங்குகிறது. நிமிடத்திற்கு 7,000 சுற்றில், பிஸ்டன் மேலே சென்று திரும்பும் புள்ளியில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 3,000 மடங்கு. அரைக் கிலோ எடையுள்ள பிஸ்டன், அக்கணத்தில் இணைப்புத் தண்டை ஒன்றரை டன் விசையுடன் இழுக்கிறது. ஒரு விநாடியில் நூற்றுக்கு மேற்பட்ட முறை இது நிகழ்கிறது. எனவே வார்ப்புப் பிஸ்டன்களை நீக்கி, காய்ச்சி அடித்து உருவாக்கிய பிஸ்டன்களையும், வலிமை மிகுந்த எஃகு இணைப்புத் தண்டுகளையும் பூட்டுவது வழக்கம்.

அடித்து உருவாக்கிய பிஸ்டன்களில் இரு வகை உலோகக் கலவைகள் பெரிதும் வழங்குகின்றன. 4032 எனப்படுவதில் ஏறத்தாழ 12 சதவிகிதம் சிலிக்கன் உண்டு. அது குறைவாகவே விரியும். 2618 எனப்படுவதில் சிலிக்கன் மிக அற்பம். அது மிகுதியாக விரியும், ஆனால் தட்டொலியின் அடியை உடையாமல் தாங்கும். ஆகவே பின்னதற்குச் சிலிண்டர் சுவருடன் கூடுதல் இடைவெளி விட வேண்டும். குளிர்ந்த காலை நேரத்தில் இத்தகைய எஞ்சின் சிறிது நேரம் கடகடவென ஒலிக்கும். சூடேறியபின் அடங்கிவிடும். இதைக் கேட்டு அஞ்சி இடைவெளியைக் குறைத்துக் கட்டுபவர், பிஸ்டனைச் சுவரில் பிடிக்கவிட்டுப் பின் வருந்துவர்.

இதனினும் நுட்பமானது ரிங்கின் வாய் இடைவெளி. பிஸ்டன் ரிங் முழு வளையம் அன்று. அதன் இரு முனைகளுக்கு இடையே சிறு வெட்டு உண்டு. 85 மி.மீ. சிலிண்டரில் அமரும் ரிங்கின் சுற்றளவு 267 மி.மீ. சுவரைவிட ரிங் 100° கூடுதலாகச் சூடேறினால், அது ஏறத்தாழ 0.3 மி.மீ. நீளும். வெட்டு அதைவிடக் குறுகலாயிருந்தால் முனைகள் இரண்டும் முட்டிக்கொள்ளும். மேலும் நீள இடமின்றி ரிங் சுவரை அழுத்திக் கீறும். முடிவில் பிஸ்டனின் வரம்பையே பெயர்த்துவிடும். அழுத்தம் மிகுந்த சாலை எஞ்சினுக்கு மேல் ரிங்கில் 0.38 முதல் 0.47 மி.மீ. வரை விடுவது நடைமுறை. தாராளமாக விட்டதால் சிறிது வாயு கீழே கசியும், இழப்பு அவ்வளவே. குறைத்துவிட்டால் எஞ்சினே போய்விடும். ஒவ்வொரு ரிங்கையும் அது அமரப்போகும் சிலிண்டரிலேயே வைத்து, ஃபீலர் கேஜால் அளந்து, அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்து, மீண்டும் அளக்க வேண்டும். ஒரு பெட்டியிலுள்ள ரிங்குகள் எல்லாம் ஒரே அளவாய் இருக்கும் என்று நம்பி அப்படியே பூட்டுவது கூடாது.

சிலிண்டர் சுவரை ஹோனிங் செய்யும்போதும் ஒரு மறைபொருள் உண்டு. தலைப்பகுதியின் போல்ட்டுகளை இறுக்கியதும் வார்ப்பிரும்புத் தொகுதி சற்றே நெளிகிறது. வட்டமாகக் கடைந்த துளை வட்டமாக இராது. அதனால் தேர்ந்த பட்டறைகளில் தலைக்குப் பதிலாகக் கனத்த உலோகத் தகடு ஒன்றை அதே விசையுடன் முறுக்கிப் பூட்டி, நெளிந்த நிலையிலேயே துளையைக் கடைகின்றனர். தகட்டைக் கழற்றினால் துளை கோணலாகும். தலையைப் பூட்டினால் வட்டமாகும்.

கிராங்க் தண்டின் பேரிங்குகளில், விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு எண்ணெய் இடைவெளி என்பது பழைய விதி. இவ்வெஞ்சினில் முதன்மைப் பேரிங் 57 மி.மீ.; இணைப்புத் தண்டின் பேரிங் 45 மி.மீ. ஆகவே இடைவெளி முறையே 0.057, 0.045 மி.மீ. மனிதத் தலைமயிரின் பருமனுக்கு உட்பட்ட இந்த அளவில்தான் டன் கணக்கான விசையை எண்ணெய்ப் படலம் தாங்கி நிற்கிறது. அதிர்வைத் தணிக்க இவ்வெஞ்சினில் இரு சமன் தண்டுகளும் உள்ளன. அவற்றை இயக்கும் சிறு பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால், வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். அதற்கு அஞ்சிப் பலர் சமன் தண்டுகளை நீக்கிவிடுகின்றனர். சிறிது நடுக்கத்தைப் பொறுத்துக்கொள்கின்றனர்.

தலைக்கும் தொகுதிக்கும் இடையே பல அடுக்கு எஃகு காஸ்கெட்டும், உயர்ந்த வலிமையுள்ள ஸ்டட்டுகளும் வேண்டும். அமுக்க விகிதத்தை 8.8-லேயே வைத்துக்கொள்ளலாம். அதனை மிகவும் தாழ்த்தினால், டர்போ எழுவதற்கு முன் வண்டி சோம்பி நிற்கும்.

மீண்டும் உயிர் பெறுதல்

கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். முழு அழுத்தத்தில் 14.7-க்குப் பதிலாக 11 அல்லது 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் தரப்படுகிறது. மிஞ்சிய பெட்ரோல் ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும். 380 குதிரைத்திறனுக்கு ஒவ்வொரு பெட்ரோல் தெளிப்பானும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 680 கன செ.மீ. தர வல்லதாக இருத்தல் நலம். தெளிப்பான் போதாமல் கலவை மெலிந்தால், மேலே கூறிய பாடுகள் அனைத்தும் சில விநாடிகளில் வீணாகும்.

பிரேக், கிளட்ச், பற்சக்கரங்கள் ஆகியவை பழைய வலிமைக்கே அமைந்தவை. வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகும். ஆதலின் முதலில் பிரேக்கைச் சீர்செய்யாமல் எஞ்சினைத் தொடுவது சாலையில் செல்லும் மற்றவர்களுக்கும் தீங்காகும். நம் நாட்டில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது என்பதையும் இத்தகைய வேலையில் இறங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

கட்டி முடித்த எஞ்சினை முதலில் பெட்ரோலும் பொறியும் இன்றிச் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் எழுந்தபின்பே உயிர்ப்பிக்க வேண்டும். அதன்பின் வலிமையளக்கும் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, தாழ்ந்த அழுத்தத்திலும் பின்தள்ளிய பொறியிலும் தொடங்கி, தட்டொலி உணர்வியைக் கவனித்தவாறு படிப்படியாக உயர்த்த வேண்டும். அழுத்தத்தைத் திருகும் வேலை, பலர் முதலில் செய்வது, முறைப்படி இங்கேதான் வருகிறது.

முதல் சில மணி ஓட்டத்திற்குப்பின் எண்ணெயை வடித்து, வடிகட்டியின் கூட்டை வெட்டித் திறந்து, உள்ளிருக்கும் மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். காந்தத்தில் ஒட்டும் நுண்ணிய சாம்பல் நிறப் பொடி, ரிங்குகளும் சுவரும் ஒன்றோடொன்று பழகியதால் வந்தது. அதுபற்றிக் கவலை வேண்டா. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் துணுக்குகள் மின்னினால், பேரிங்கின் மேல் படலம் தேய்ந்து அடி உலோகம் வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். அப்போது எஞ்சினை மீண்டும் இறக்கி, 0.045 மி.மீ. என்று எழுதிவைத்த இடத்தில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று மைக்ரோமீட்டரால் அளந்து பார்க்க வேண்டும்.