விற்காமல் போனது

கேள்வி: ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றின் சென்னைக் கிளையில் மேனேஜராகச் சேரப் போகிறேன். முதலில் எதில் கவனம் வைக்க வேண்டும்?

பதில்: விற்றதைவிட, விற்காமல் போனதைப் பாருங்கள். ரேக் நிறையச் சட்டை தொங்கும். ஆனால் ஆட்கள் கேட்கும் மீடியமும் லார்ஜும் தீர்ந்திருக்கும். மிஞ்சிய மற்ற அளவுகள், அதாவது கட் சைஸ்தான் தள்ளுபடிக்குப் போய் லாபத்தைத் தின்றுவிடும். எந்த அளவு கிடைக்காமல் திரும்பிப் போனார்கள் என்று டிரையல் ரூம் வாசலில் நிற்கும் பெண்ணிடம் தினமும் கேட்டு எழுதுங்கள். கம்ப்யூட்டரில் அது வராது.

அந்தப் பெண்ணுக்கு உட்கார இடம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கினார்கள். நாற்காலியைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் மேனேஜர்கள் உண்டு. நீங்கள் தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள்.