ஆன்லைன் வகுப்பில் மாணவர்கள் வாய் திறக்க

“சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் ஆன்லைன் வகுப்பில் யாரும் பேச மாட்டார்கள். விவாதிக்கத் தோதான ஒரு கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள்.

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இதற்கு நன்றாகக் கைகொடுக்கிறது. உதாரணத்துக்கு, ஒரு லாரியும் ஸ்கூட்டரும் நேருக்கு நேர் மோதுகின்றன. எதன் மீது அதிக விசை? முதலில் ஒவ்வொருவரும் தனியாக வாக்களிக்கட்டும். பலர் ‘ஸ்கூட்டர்’ என்பார்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள், இதுதான் முக்கியம். மூன்று நான்கு பேராகப் பிரித்து, தனி அறைகளில் 5 நிமிடம் வாதாட விடுங்கள். “லாரி நசுங்கலையே, அப்புறம் எப்படி ரெண்டுக்கும் சமம்?” என்று ஒரு மாணவி கேட்கும் இடத்தில்தான் நியூட்டனின் மூன்றாம் விதி புரியத் தொடங்குகிறது. திரும்பவும் வாக்கெடுத்து, அதன் பிறகு விளக்குங்கள். முதல் வாக்கெடுப்பிலேயே பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டால் விவாதம் வேண்டாம், அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.

குழுக்களை வாராவாரம் கலைக்காதீர்கள். ஒரு மாதமாவது அதே முகங்கள் இருந்தால்தான் கூச்சம் போகும். குறிப்பெடுப்பவர், வகுப்பில் வந்து சொல்பவர் என்று பொறுப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீடுகள் ஏராளம். டேட்டாவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பேச முடியாதவர்கள் சாட்டில் எழுதட்டும். அதைப் பெயர் சொல்லி வாசித்துக் காட்டுங்கள்.