மருந்தைக் குறைக்கச் சொல்லும் படம்



புற்றுநோய்ச் சிகிச்சையின் நடுவில் வைத்தியர், "ஸ்கான் நன்றாக இருக்கிறது, இனி ஒரு மருந்தை நிறுத்தலாம்" என்று சொன்னால், நம் வீடுகளில் மகிழ்ச்சியைவிடப் பயமே முதலில் எழுகிறது. "பாதியில் நிறுத்துகிறார்களே, செலவைக் குறைக்கப் பார்க்கிறார்களோ?" என்று நமக்குள் பேசிக்கொள்கிறோம். ஸ்கான் எடுப்பது நோயைக் கண்டுபிடிக்க மட்டுமல்ல. சிகிச்சையைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்கவும் அது உதவுகிறது. இதனை ஓர் உதாரணத்துடன் இம்முறை பார்ப்போம்.

பெட் ஸ்கான் என்ன காட்டுகிறது?

சி.டி. ஸ்கான் கட்டி எங்கே உள்ளது, எவ்வளவு பெரியது என்று காட்டும். ஆனால் சிகிச்சைக்குப் பின் எஞ்சியிருப்பது உயிருள்ள நோயா, வெறும் தழும்பா என்று அதனால் எப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கேதான் பெட் ஸ்கான் உதவுகிறது.

பல புற்றுநோய்க் கலங்கள் சாதாரண கலங்களைவிட அதிகமாகக் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. ஜெர்மானிய விஞ்ஞானி ஒட்டோ வார்பேர்க் 1920களிலேயே இதைக் கவனித்தார். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளுடன் கதிரியக்கப் புளோரினை இணைத்து, மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் ஏற்றுவார்கள். அது அதிகம் சேரும் இடங்கள் படத்தில் ஒளிரும். அந்தக் கதிரியக்கம் ஏறத்தாழ 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும்.

ஹொட்ஜ்கின் நோய் தந்த பாடம்

ஹொட்ஜ்கின் லிம்போமா என்பது நிணநீர்க் கணுக்களில் தோன்றும் புற்றுநோய். இளவயதினரையும் தாக்கும், பெரும்பாலானோருக்குக் குணமாகும். இதற்கு நான்கு மருந்துகளை ஒன்றாகக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். அவற்றில் ஒன்றான பிளியோமைசின் சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. நோய் குணமான பின்னும் ஐம்பது அறுபது வருடம் வாழவேண்டிய பிள்ளைக்கு இது சிறிய விஷயமல்ல.

பிரித்தானிய வைத்தியர்களின் தலைமையில் பல நாடுகளில் நடந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2016இல் வெளிவந்தன. நோய் பரவிய நிலையில் இருந்த 1,200க்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்தனர். இரண்டு மாதச் சிகிச்சைக்குப் பின் பெட் ஸ்கான் எடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 84 பேர் அளவில் படம் நல்லபடியாக இருந்தது. இவர்களில் ஒரு பாதியினர் நான்கு மருந்துகளையும் தொடர்ந்தனர். மறு பாதியினருக்குப் பிளியோமைசின் நிறுத்தப்பட்டது. மூன்று வருடங்களின் பின் நோய் முற்றாமலும் திரும்பாமலும் இருந்தோர் முதற் பிரிவில் 85.7 வீதம், மற்றதில் 84.4 வீதம். பலன் ஏறத்தாழ ஒன்றே. நுரையீரல் தொல்லை மட்டும் குறைந்தது. படம் நன்றாக இல்லாதவர்களுக்கோ இன்னும் வலிமையான மருந்துகள் கொடுக்கப்பட்டன.

படத்தைக் கண்மதிப்பில் மட்டும் விடாமல், ஈரலின் ஒளிர்வு முதலியவற்றோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை புள்ளி இடுகிறார்கள். பொதுவாக 1, 2, 3 நல்லவை. 4, 5 கவனிக்க வேண்டியவை. இன்று புதிய மருந்துகளும் வந்துள்ளன. ஆகவே எந்த முறை யாருக்கு என்பதை வைத்தியரே தீர்மானிப்பார்.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோயல்ல

கிருமித் தொற்று, காயம், அழற்சி ஆகியனவும் ஒளிரும். காசநோயும் அப்படியே. நம்மில் பலர் காசநோய் பரவலாக உள்ள நாடுகளிலிருந்து வந்தவர்கள். எனவே குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறு சதைத்துண்டு எடுத்துப் பரிசோதித்த பின்பே முடிவு செய்வார்கள். அதேபோல் சில புற்றுநோய்கள் அதிகம் ஒளிர்வதில்லை. படம் மட்டுமே கடைசித் தீர்ப்பு அல்ல.

ஸ்கானுக்குப் போகுமுன்

* பொதுவாக நான்கு முதல் ஆறு மணிநேரம் சாப்பிடக்கூடாது. தண்ணீர் குடிக்கலாம், சீனி போட்ட தேநீர் கூடாது. விரதகாலத்துப் பால், பழமும் இதில் அடங்கும்.
* நீரிழிவு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். இரத்தத்தில் சீனி கூடினால் படம் தெளியாது. மாத்திரையையும் இன்சுலினையும் எப்போது எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.
* முதல் நாள் கடும் வேலையும் உடற்பயிற்சியும் வேண்டாம். ஊசிக்குப் பின் ஒரு மணிநேரம் அளவில் அமைதியாக இருக்க வேண்டும்.
* கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அருகே சில மணிநேரம் நெருங்கி இருக்க வேண்டாம். பேரப்பிள்ளையை மடியில் வைப்பதை மறுநாளுக்கு விடுங்கள்.

வைத்தியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தப் படம் எதைத் தீர்மானிப்பதற்காக? முன்னைய படத்தோடு என்ன வித்தியாசம்? இதன்படி சிகிச்சை கூடுமா, குறையுமா? அப்பா அம்மாவுக்கு மொழி தெரியாவிட்டால், பிள்ளைகளை இடையில் நிறுத்தாமல் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பிள்ளை பயத்தில் பாதியை விழுங்கிவிடும்.

மருந்தைக் குறைப்பது கைவிடுவது அல்ல. நோய் அடங்குகிறது என்று கண்ட பின், உடலை மேலும் வருத்தாமல் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை நாம் மனதில் இருத்துவோம்.