மந்திரம் உலவும் மாநகரம்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக. பின்னர், தொடர்ந்து வரும் வினாக்களுக்கு விடையளித்திடுக.

இலண்டன் மாநகரின் கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்திற்கு வருவோர் எல்லாரும் இரயில் ஏறுவதற்காக வருவதில்லை. நிலையத்தின் பெருங்கூடத்தில் ஒரு செங்கல் சுவர் இருக்கிறது. பயணப்பெட்டிகளும் பறவைக்கூண்டும் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று அந்தச் சுவருக்குள் பாதி புகுந்து நிற்கிறது. மேலே, ‘நடைமேடை 9¾’ என்னும் பலகை காணப்படுகிறது. அந்தத் தள்ளுவண்டியைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொள்ள உலகின் பல நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் வரிசையில் பொறுமையாகக் காத்திருக்கின்றனர். வரிசையின் முன்னால் நிற்கும் ஊழியர், கதையில் வரும் நான்கு இல்லங்களின் நிறங்களில் உள்ள கழுத்துத் துண்டுகளுள் ஒன்றை அணியக் கொடுக்கிறார். படம் எடுக்கும் நேரத்தில் அத்துண்டின் நுனியைக் காற்றில் வீசிப் பறக்கவிடுகிறார். சுவருக்குள் ஓடி மறையும் மந்திரக் காட்சி அங்கே உருவாகிவிடுகிறது.

இதற்கெல்லாம் தொடக்கம் ஒரு நூல்தான். ஜே. கே. ரோலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதை வரிசையின் முதல் நூல் 1997-ஆம் ஆண்டு வெளிவந்தது. முதற்பதிப்பில் கெட்டி அட்டைப் படிகள் 500 மட்டுமே அச்சிடப்பட்டன. 2001 முதல் 2011 வரை அக்கதைகள் 8 திரைப்படங்களாக வெளிவந்தன. இன்று இலண்டனில் அக்கதையைச் சார்ந்த படப்பிடிப்பு அரங்கு, நாடகம், ஓவியக்கூடம், நடைச்சுற்றுலா, விடுதி அறை, தேநீர் விருந்து, பானக்கூடம் எனப் பலவும் உள்ளன. ஒரு கற்பனைக் கதை ஒரு பழம்பெரும் நகரத்தின்மேல் புதிய வரைபடத்தையே விரித்துவிட்டது எனலாம். அந்த வரைபடத்தின் அடியில் இருக்கும் உண்மை நகரம் யார் கண்ணிலாவது படுகிறதா என்பதே சிந்திக்கத்தக்க கேள்வியாகும்.

இல்லாத நடைமேடை

கதையில், 9-ஆம் நடைமேடைக்கும் 10-ஆம் நடைமேடைக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரின் வழியே மாணவர்கள் மந்திர உலகத்திற்குள் நுழைகின்றனர். உண்மையான நிலையத்தில் அப்படியொரு சுவர் இருந்ததில்லை. அந்த இரு நடைமேடைகளுக்கும் நடுவில் தண்டவாளங்களே இருந்தன. கதையை எழுதியபோது கிங்ஸ் கிராஸ் நிலையத்தை அருகிலுள்ள யூஸ்டன் நிலையத்தோடு குழப்பிக்கொண்டதாக ரோலிங் பின்னாளில் ஒரு நேர்காணலில் கூறினார். திரைப்படக் குழுவினரும் 4, 5-ஆம் நடைமேடைகளில்தான் அக்காட்சியைப் படம்பிடித்தனர்.

ஆக, மக்கள் தேடி வரும் இடம் கதையில் சொன்ன இடமும் அன்று. படம்பிடித்த இடமும் அன்று. இரயில் பயணிகளுக்கு இடையூறு நேராதவாறு கூடத்தின் ஓரத்தில் அமைக்கப்பட்ட இடமே அது. இருந்தும் அங்கு வருவோர் ஏமாற்றத்துடன் திரும்புவதில்லை. கதையின்மீது கொண்ட அன்பு ஓர் இடத்திற்குப் பொருளைத் தந்துவிடுகிறது.

இடிபடாமல் நின்ற கட்டடம்

இரண்டாவது திரைப்படத்தில் பறக்கும் மகிழுந்து ஒன்று, கோபுரங்கள் நிறைந்த செந்நிற மாளிகையின் முன்னிருந்து வானில் எழும்புகிறது. பார்வையாளர் பலர் அதனைக் கிங்ஸ் கிராஸ் நிலையம் என்றே நம்புகின்றனர். உண்மையில் அது பக்கத்திலுள்ள செயிண்ட் பாங்க்ரஸ் நிலையத்தின் முகப்பாகும். 1852-இல் திறக்கப்பட்ட கிங்ஸ் கிராஸ் எளிமையான தோற்றம் உடையது. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வடிவமைத்து 1873-இல் விடுதியாகத் திறக்கப்பட்ட செயிண்ட் பாங்க்ரஸ் கட்டடமோ அரண்மனையைப் போன்றது.

அந்தக் கட்டடம் மண்ணோடு மண்ணாகப் போயிருக்க வேண்டியது. 1935-இல் விடுதி மூடப்பட்டது. 1960-களில் அதனை இடித்துவிடத் திட்டமிட்டனர். பழைய பாணிக் கட்டடங்களை அக்காலத்தில் பலர் மதிக்கவில்லை. கவிஞர் ஜான் பெட்ஜமன் முதலானோர் எதிர்த்துக் குரல் எழுப்பினர். அதன் பயனாக, 1967-ஆம் ஆண்டு அக்கட்டடம் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நெடுங்காலம் கழித்துப் புதுப்பிக்கப்பட்டு, 2011-இல் மீண்டும் விடுதியானது. பெட்ஜமனின் சிலை இன்று அந்நிலையத்திற்குள் நிற்கிறது.

1960-களில் அந்தக் குரல்கள் எழாமல் இருந்திருந்தால், திரைப்படக் குழுவினருக்கு அந்த ‘மந்திர மாளிகை’ கிடைத்திருக்காது. மந்திரக்கோல் ஏதுமின்றி, சாதாரண மனிதர்களின் விடாமுயற்சியே அதனைக் காப்பாற்றியது.

சந்தைக்குள் ஒரு கதவு

இலண்டனின் வணிக வட்டாரத்தில் லெடன்ஹால் சந்தை உள்ளது. இரும்புத் தூண்களும் கண்ணாடிக் கூரையும் கொண்ட இச்சந்தையின் இன்றைய கட்டடத்தை 1881-இல் ஹோரஸ் ஜோன்ஸ் அமைத்தார். புகழ்பெற்ற டவர் பாலத்தையும் வடிவமைத்தவர் அவரே. முதல் திரைப்படத்தில் மந்திரவாதிகளின் கடைத்தெருவுக்குச் செல்லும் வழியாக இச்சந்தை காட்டப்பட்டது. அங்கே, அப்போது மூக்குக்கண்ணாடிக் கடையாக இருந்த ஓர் இடத்தின் வாயில், மந்திரவாதிகளின் விடுதிக் கதவாக மாறியது. சுற்றுலா வழிகாட்டிகள் அக்கதவின் முன் குழுவை நிறுத்துகின்றனர். பயணிகள் படம் எடுக்கின்றனர். அடுத்த இடத்திற்கு விரைகின்றனர்.

அவர்கள் நின்ற தரையின் கீழே வேறொரு கதை உறங்குகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்நகரை உரோமானியர் ஆண்டபோது, அவர்களின் மன்றமும் பொதுக்கூடமும் இவ்விடத்தில்தான் இருந்தன. சந்தையே 14-ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவருகிறது. ‘ஓல்ட் டாம்’ என்னும் வாத்து ஒன்று கசாப்புக் கத்தியிலிருந்து தப்பி, பல்லாண்டுகள் இச்சந்தையில் செல்லப்பிள்ளையாய் உலவி, 1835-இல் முதுமையால் இறந்தது என்பது அங்கு வழங்கும் கதையாகும். கதவை மட்டும் பார்த்துத் திரும்புவோர்க்கு உரோமானியரும் தெரிவதில்லை. ஓல்ட் டாமும் தெரிவதில்லை. நல்ல வழிகாட்டி கிடைத்தவர்க்கோ அந்தக் கதவு ஈராயிரம் ஆண்டு வரலாற்றின் வாசலாகிறது.

கைகள் செய்த மந்திரம்

நகரின் மையத்திலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 32 கிலோமீட்டர் தொலைவில் லீவ்ஸ்டன் படப்பிடிப்பு வளாகம் உள்ளது. இரண்டாம் உலகப்போரின்போது இங்குப் போர் விமானங்கள் கட்டப்பட்டன. பிற்காலத்தில் விமான இயந்திரங்கள் செய்யப்பட்டன. தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, அதன் பரந்த கூடங்கள் திரைப்படத்திற்குப் பயன்பட்டன. 2012 மார்ச் 31-ஆம் நாள் முதல் பொதுமக்கள் முன்பதிவு செய்து இதனைப் பார்வையிடலாம்.

இங்கு வருவோர் மந்திரத்தைக் காண வருகின்றனர், காண்பதோ உழைப்பை. மந்திரப் பள்ளியின் பெருமண்டபத்தில் உண்மையான யார்க் கற்கள் தரையாகப் பதிக்கப்பட்டுள்ளன. மந்திரக்கோல் கடையிலுள்ள 17,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளுக்கும் தனித்தனியே பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டுள்ளது. கோட்டையின் மாதிரி, 24-இல் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்டது. முதல் படத்திற்காக 86 கலைஞர்களும் பணியாளர்களும் சேர்ந்து அதனை உருவாக்கினர். திரையில் சில நொடிகளே தோன்றும் பொருளுக்கும் தச்சர், தையற்கலைஞர், சிற்பி, ஓவியர் எனப் பலர் உழைத்திருக்கின்றனர்.

சோஹோ பகுதியிலுள்ள ‘ஹவுஸ் ஆஃப் மினாலிமா’ என்னும் கூடமும் இவ்வகையைச் சேர்ந்ததே. திரைப்படங்களில் வரும் செய்தித்தாள், கடிதம், வரைபடம், பாடநூல் அட்டை ஆகியவற்றை வடிவமைத்த மிராபோரா மினா, எட்வர்டோ லிமா ஆகிய இருவரின் படைப்புகள் அங்குக் காட்சிக்கும் விற்பனைக்கும் வைக்கப்பட்டுள்ளன. வடிவமைப்புத் துறையில் ஆர்வமுள்ள மாணவருக்கு அது பயனுள்ள இடமாகும்.

கோப்பையில் அறிவியல்

உணவகங்களும் இந்த அலையில் இணைந்துள்ளன. பிம்லிகோ பகுதியிலுள்ள ஒரு விடுதி, புத்தக அலமாரியைப் போன்ற கதவின் பின்னால் மந்திரவாதிகளின் அறைகளை அமைத்துப் புகழ்பெற்றது. வேறு சில இடங்களில் விருந்தினர் நீண்ட அங்கி அணிந்து, தாமே ‘மந்திரப் பானம்’ கலக்கின்றனர். இவற்றுள் மதுவகைகளைப் பரிமாறும் கூடங்கள் பெரியவர்களுக்கு மட்டுமே உரியவை; பிரிட்டனில் 18 வயதுக்குக் குறைந்தோர் மது வாங்குவது சட்டப்படி குற்றம். சிறுவர்களுக்காக, மது கலவாத பானத்துடன் தேநீர் விருந்து நடத்தும் இடங்களும் உண்டு.

அப்பானங்களின் மந்திரம் அறிவியல் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்ததாகும். கோப்பையிலிருந்து வெண்புகை பொங்கி வழியக் காரணம் உலர் பனிக்கட்டி. கரியமில வாயுவைத் திண்ம நிலைக்குக் கொண்டுவந்தால் உலர் பனிக்கட்டி கிடைக்கும். −78.5 பாகை செல்சியஸில் அது உருகாமல் நேரே வாயுவாகிறது. இதனைப் பதங்கமாதல் என்பர். அந்தக் குளிர்ச்சியால் காற்றிலுள்ள நீராவி சிறு துளிகளாகிப் புகைபோல் தெரிகிறது. உலர் பனிக்கட்டியை வெறுங்கையால் தொடுவதும் விழுங்குவதும் ஆபத்தானவை. அதனால், அது முழுமையாக மறைந்த பின்னரே பானத்தைப் பருக வேண்டும்.

நிறம் மாறும் பானத்தின் இரகசியமோ நம் வட்டாரத்திற்கு மிக அருகில் இருக்கிறது. சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீர் நீல நிறமாகும். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் ஊதா நிறமாகும். பூவிலுள்ள அந்தோசயனின் என்னும் நிறமி, அமிலத்தோடு சேரும்போது நிறம் மாறுவதே இதற்குக் காரணம். கிளந்தானின் நாசி கெராபு உணவுக்கு நீல நிறம் தருவதும் இதே பூதான். மலாய் மொழியில் இதனை ‘புங்கா தெலாங்’ என்பர். குறிஞ்சிப்பாட்டில் இடம்பெறும் மலர்களின் பட்டியலில் வரும் ‘கருவிளை’ இப்பூவையே குறிக்கும். இலண்டனில் மந்திரமாக விற்கப்படுவது, இங்குப் பலர் வீட்டு வேலியில் படர்ந்திருக்கிறது.

பெயர் யாருக்குச் சொந்தம்?

மந்திரக் கருப்பொருள் கொண்ட கடைகள் எல்லாம் ஹாரி பாட்டர் பெயரைப் பயன்படுத்துவதில்லை. அதற்குச் சட்டமே காரணம். கதை எழுத்தாளரின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. திரைப்படம் சார்ந்த பெயர்களும் சின்னங்களும் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் வணிகக் குறிகளாகும். உரிமம் பெறாமல் அவற்றை வணிகத்திற்குப் பயன்படுத்த முடியாது. ஆயினும், மந்திரவாதி, மந்திரக்கோல், கொப்பரை, துடைப்பம் ஆகியவை எவருக்கும் தனிச்சொத்து அல்ல. அவை பல நூற்றாண்டுகளாக மக்கள் கதைகளில் வாழ்பவை. ரோலிங்கும் அந்தப் பொதுக் கருவூலத்திலிருந்தே எடுத்தாண்டார். எனவே, சில கடைகள் பொதுவான ‘மந்திரவாதி’ என்னும் சொல்லோடு நின்றுவிடுகின்றன. பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்குமுன், அவ்விடம் உரிமம் பெற்றதா, விலைக்கேற்ற அனுபவம் கிடைக்குமா என ஆராய்வது நலம்.

பணம் இல்லாதோர்க்கு இம்மாநகரம் கதவடைப்பதில்லை. கிங்ஸ் கிராஸ் சுவரின் முன் சொந்தக் கைப்பேசியில் படம் எடுக்கக் கட்டணம் இல்லை. அருகிலுள்ள கடையில் விற்கப்படும் படத்திற்கே விலை உண்டு. லெடன்ஹால் சந்தையில் நடக்கவும் செயிண்ட் பாங்க்ரஸ் முகப்பை அண்ணாந்து பார்க்கவும் காசு வேண்டியதில்லை. ஆறாவது திரைப்படத்தில் இடிந்து விழும் மில்லேனியம் பாலத்தையும் இலவசமாகவே கடக்கலாம். 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலம், மக்களின் காலடி ஒத்திசைவால் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. பொறியாளர்கள் அதிர்வைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்திய பின், 2002-இல் மீண்டும் திறக்கப்பட்டது. திரையில் விழுந்த பாலம் ஆற்றின்மேல் உறுதியாக நிற்கிறது.

கற்பனைக் கதை ஒரு நகரத்திற்குக் கூட்டத்தைக் கொண்டுவரும், வணிகத்தையும் வளர்க்கும். ஆனால், கதைக்கு இடம் கொடுத்த கட்டடங்களைக் காத்தவர்களையும், அதன் பொருள்களைக் கையால் செய்தவர்களையும் அறிந்துகொள்பவரே அந்நகரத்தை உண்மையில் பார்த்தவராவார். கதையைத் தேடிச் செல்லும் கால்கள் வரலாற்றின் வாசலிலும் சற்று நிற்கட்டும்.

அருஞ்சொற்பொருள்

பெருங்கூடம் – பலர் கூடும் அகன்ற இடம்
பதங்கமாதல் – திண்மப் பொருள் நீர்மமாகாமல் நேரே வாயுவாதல்
பதிப்புரிமை – படைப்பின்மீது படைப்பாளருக்குள்ள சட்ட உரிமை
வணிகக் குறி – ஒரு நிறுவனத்திற்கு உரிய பெயர் அல்லது சின்னம்
கருவூலம் – செல்வம் சேர்த்து வைக்கும் இடம்

கருத்துணர் வினாக்கள்

1. ‘நடைமேடை 9¾’ இன்று அமைந்துள்ள இடம் கதையில் வரும் இடத்திலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
2. செயிண்ட் பாங்க்ரஸ் கட்டடம் இடிபடாமல் காப்பாற்றப்பட்டது எவ்வாறு?
3. “காண்பதோ உழைப்பை” என்னும் தொடரின் கருத்தைக் கட்டுரையிலுள்ள இரண்டு சான்றுகளுடன் விளக்குக.
4. சங்குப்பூ நீர் நிறம் மாறுவதற்கான காரணம் யாது?
5. சில கடைகள் ‘மந்திரவாதி’ என்னும் பொதுச்சொல்லை மட்டும் பயன்படுத்துவது ஏன்?
6. சுற்றுலா ஒரு நகரின் வரலாற்றை வளர்க்கிறதா, மறைக்கிறதா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

நடவடிக்கை

உமது ஊரில் பலரும் படம் எடுத்துக்கொள்ளும் ஓர் இடத்தைத் தெரிவு செய்க. அதன் வரலாற்றை அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, சுற்றுப்பயணிகளுக்கு அறிமுகப்படுத்தும் வகையில் 80 சொற்களில் ஓர் அறிவிப்புப் பலகை வாசகம் எழுதுக.