எல்லாம் சரி, ஆனால் ராக்கெட் விழுந்தது

சென்ற பொங்கல் விழாவில் நமது சங்கத்து அம்மையார் ஒருவர் என்னிடம் ஒரு குறையைச் சொன்னார். "என் மகனுக்கு விமானம், ராக்கெட் பாகங்கள் செய்யும் இடத்தில் சீனியர் சிஸ்டம்ஸ் என்ஜினீயர் வேலை. எல்லாரும் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகும், இவன் மட்டும் இன்னொரு சோதனை வேண்டும் என்று நிற்கிறானாம். மேலதிகாரிக்குக் கோபம். நீங்களும் என்ஜினீயர்தானே சார், கொஞ்சம் புத்தி சொல்லக் கூடாதா?"

நான் இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற டிப்ளமோக்காரன். ராக்கெட் செய்தவன் அல்லன். ஆனாலும் அந்தப் பிள்ளையின் வேலை எனக்குப் புரிகிறது. ஒரு சம்பவத்தைக் கொண்டு விளக்குகிறேன். மாணவர்களும் கவனிக்கவும்.

1996 ஜூன் 4. தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளம். ஐரோப்பிய நாடுகளின் புதிய ராக்கெட்டான ஏரியன்-5 முதன்முறையாகக் கிளம்பியது. பூமியின் காந்த மண்டலத்தை ஆராய 4 கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் அதில் இருந்தன. சுமார் 40 வினாடிகளில் ராக்கெட் திசை மாறி, உடைந்து, வெடித்துச் சிதறியது.

காரணம் என்ன? ராக்கெட்டின் நிலையையும் வேகத்தையும் அளந்து சொல்லும் கருவி, பழைய ஏரியன்-4இல் நன்றாக உழைத்தது. அதன் மென்பொருளைப் புதியதிலும் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு கணக்கு, கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள 64 பிட் எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும். 16 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி 15 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. ஏரியன்-4 பறந்த பாதையில் அந்த எல்லையைத் தாண்ட வழியில்லை. ஏரியன்-5 கிடைமட்டமாக அதிக வேகம் எடுத்தது. ஒரு படிக்குள் ஒன்றரைப் படி அரிசி அடங்குமா? கருவி நின்றுவிட்டது.

மாற்றுக் கருவி இல்லையா? இருந்தது. ஆனால் அதிலும் அதே மென்பொருள்! இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருந்தும், இரண்டையும் ஒரே தவறான மணிக்கு வைத்திருந்தால் ரயிலை விடத்தான் வேண்டும். கருவி அனுப்பிய கோளாறுக் குறிப்பை, பிரதான கணிப்பொறி பறக்கும் நிலவரம் என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பிவிட்டது. இதில் பெரிய வருத்தம், ஏரியன்-5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே தேவையில்லை என்பதுதான்.

தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு பகுதியும் தனக்கு இட்ட விதிப்படிதான் நடந்தது. ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில்தான் தவறு ஒளிந்திருந்தது. ஏரியன்-5இன் பாதை விவரங்களைக் கொடுத்துச் சோதித்திருந்தால் தரையிலேயே அகப்பட்டிருக்கும். அந்தச் சோதனை நடக்கவில்லை.

இரயில்வேயிலும் புது வகைப் பெட்டி வந்தால், பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது வழக்கம். "வேறு லைனில் ஓடியதே" என்பது போதாது. வளைவும் பாலமும் பிளாட்பாரமும் லைனுக்கு லைன் வேறு.

சிஸ்டம்ஸ் என்ஜினீயர் கேட்பவை மூன்று கேள்விகள். இந்தப் பகுதி அடுத்த பகுதிக்கு எதைக் கொடுக்கிறது? எந்த எல்லைக்குள்? எல்லை தாண்டினால் என்ன ஆகும்? இவற்றைக் கேட்க ஒருவர் வேண்டும். கேட்பவருக்கு நல்ல பெயர் உடனே கிடைக்காது.

குறை திருத்தப்பட்ட ஏரியன்-5, நமது இன்சாட், ஜிசாட் வரிசையில் பலவற்றைக் கொண்டு சென்றது. 2021 டிசம்பர் 25 அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சுமந்து சென்றதும் அதுவே. 2023இல் ஓய்வு பெற்றது.

அம்மா, உங்கள் பிள்ளைக்கு நான் சொல்லும் புத்தி இவ்வளவுதான்: "எந்தச் சோதனை, எதற்காக, எத்தனை நாள் என்று எழுத்தில் கொடு. கோபமில்லாமல் கொடு. ஆனால் கேட்பதை நிறுத்தாதே."

மாணவர்களுக்கு ஒரு கணக்கு: கூட்டல், கழித்தல் குறியோடு 8 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண் எது? விடையை அடுத்த கூட்டத்தில் என்னிடம் சொல்லுங்கள்.