சாரலில் அணையும் ஹீட்டர்

கேள்வி: சாரல் சீசனுக்காக அம்மா அறையில் வைத்த ரூம் ஹீட்டர் பத்தே நிமிடத்தில் அணைந்துவிடுகிறது. பிளக்கும் சுடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, தென்காசி

பதில்: முதலில் பிளக்கைக் கவனியுங்கள், அம்மா தூங்கும் அறையல்லவா? 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பாயிண்ட் அதைத் தாங்காது. பிளக் பின்னைச் சுற்றிப் பழுப்பேறியிருந்தால் இன்றே நிறுத்திவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து 16 ஆம்பியர் பாயிண்ட் போடுங்கள்.

தானாக அணைவது பெரும்பாலும் பழுதல்ல. சூடு மிஞ்சினால் உள்ளேயிருக்கும் கட்-அவுட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். குற்றாலத்தில் தண்ணீர் விழும் ஆனி, ஆடியில் துணி காயாதென்று ஹீட்டர் மேலேயே விரிக்கிறோமே, காற்றுவழி அதில்தான் அடைபடுகிறது. தீப்பிடிக்கும், வேண்டவே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, பின்பக்க வலையில் படிந்த பஞ்சுத்தூசியை பிரஷால் தட்டுங்கள்.

பரணில் கிடந்த ஹீட்டர் ஈரம் குடித்திருக்கும். போட்டதும் மின்கசிவில் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. டிரிப் ஆனால் மறுபடி தூக்கிவிடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.