பதின்மூன்று பஞ்சாயத்துகளை மறந்துவிடாதே

அன்புள்ள தங்கைக்கு,

காரியவட்டத்தில் புள்ளியியல் ஆய்வைத் தொடங்கிவிட்டாய், கிப்ஸ் சாம்ப்ளிங் கற்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். எதை வைத்துப் பழகுவது என்று கேட்டிருந்தாய். நீ இருக்கும் மாவட்டத்திலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 13 பஞ்சாயத்துகளைக் குலுக்கிப் பிரித்தார்கள். ஏழு பஞ்சாயத்துகளில் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பரிசோதித்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. ஆர்சிசி எனப்படும் மண்டலப் புற்றுநோய் மையம் நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2005-இல் லான்செட்டில் வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்றுநோய்ச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பரிசோதித்த பக்கத்தின் இறப்பு வீதம் மறுபக்கத்தைப் போல 0.79 மடங்கு, ஆனால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.51 முதல் 1.22 வரை அகன்று நின்றது. சுமார் 1.9 லட்சம் பேரைச் சேர்த்த ஆய்வு அது. ஆனால் வாய்ப்புற்றுநோயால் இறந்தவர்கள் பரிசோதித்த பக்கம் 77, மறுபக்கம் 87. குலுக்கப்பட்டவையும் ஆட்கள் அல்ல, 13 பஞ்சாயத்துகள்.

இதே அமைப்பில் நீயே ஒரு தரவை உருவாக்கு. ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு தனி விளைவு, அந்த விளைவுகளுக்கிடையே ஒரு மாறுபாடு, பரிசோதனையின் பலன் ஒன்று. உண்மை மதிப்புகள் உனக்குத் தெரியும். உன் புரோகிராம் அவற்றைக் கண்டுபிடிக்கிறதா என்று பார். இந்தச் சோதனையில் தேறாத புரோகிராமை உண்மையான நோயாளிகளின் தரவுக்கு அருகில் கொண்டுபோகாதே.

கிப்ஸ் வேலை செய்யும் முறை எளிது. மற்ற எல்லாவற்றையும் தெரிந்ததாக வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் அதற்குரிய பரவலிலிருந்து எடுக்கிறோம், பிறகு அடுத்ததை. 1984-இல் ஸ்டூவர்ட் ஜெமன், டொனால்ட் ஜெமன் இருவரும் பழுதடைந்த படங்களைச் சீராக்கக் கையாண்ட முறை இது. 1990-இல் கெல்ஃபாண்டும் ஸ்மித்தும் எழுதிய கட்டுரைக்குப் பிறகு புள்ளியியலாளர்கள் எல்லோர் கைக்கும் வந்தது.

இந்த எளிமையில்தான் ஆபத்தும் இருக்கிறது. மாறுபாடு ஒருமுறை சிறிதாக வந்துவிட்டால் 13 விளைவுகளும் பூஜ்யத்தை ஒட்டிச் சுருங்கும். சுருங்கிய விளைவுகளைப் பார்த்து அடுத்த மாறுபாடும் சிறிதாகவே வரும். இப்படி அடுத்தடுத்து எடுக்கும் எண்களின் வரிசையான செயின் அங்கேயே வெகுநேரம் தங்கிவிடும். அந்த எண்களை வரைந்த படத்தில் கோடு அமைதியாக ஓடும். பார்த்தால் எல்லாம் சரி என்றே தோன்றும். ஆகவே வெகுதூரம் தள்ளித்தள்ளித் தொடங்கும் நான்கு செயின்களையாவது ஓட்டு. 1992-இல் கெல்மனும் ரூபினும் தந்த அளவுகோலால் அவற்றை ஒப்பிடு. பலனை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதே, மாறுபாட்டையும் பார்.

அடுத்தது ப்ரையர், அதாவது தரவைப் பார்க்கும் முன்பே ஒரு மதிப்புக்கு நாம் கொடுக்கும் பரவல். 13 குழுக்கள் மட்டும் இருக்கும்போது மாறுபாட்டுக்கு நீ கொடுக்கும் ப்ரையர் முடிவையே நகர்த்தும். பழைய உதாரணங்களில் இருக்கிறது என்பதற்காக 0.001, 0.001 என்று இன்வர்ஸ் காமாவை எடுத்துப் போடாதே. அது பூஜ்யத்துக்கு அருகே நடந்துகொள்ளும் விதத்தை 2006-இல் கெல்மன் விளக்கியிருக்கிறார். அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே ஹோபர்ட்டும் கசெல்லாவும் இன்னொன்றைக் காட்டினார்கள்: ப்ரையர் முறையற்றதாக, அதாவது அதன் மொத்தம் முடிவிலியாக இருந்தால், தேடும் பரவலே இல்லாத இடத்திலும் கிப்ஸ் சலனமின்றி எண்களைத் தந்துகொண்டே இருக்கும். கணினி உன்னை எச்சரிக்காது. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

நீ தரும் எண்ணை நம்பி ஒரு சுகாதாரத் துறை பணியாளர்களைக் கிராமங்களுக்கு அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். அதனால் அறிக்கையில் பலனை மட்டும் எழுதாதே. ப்ரையரை மாற்றினால் அது எவ்வளவு நகர்கிறது, ஒரு பஞ்சாயத்தை விட்டுவிட்டால் எவ்வளவு நகர்கிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுது. முடிவெடுப்பவர் அந்த மூன்றையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்